ஒரு கண்ணுக்கு இரண்டு கை

முன்னறையிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

மருந்துச் சீசாவின் மூடி திறக்கும் சத்தம். கட்டைவிரல் நகத்தளவு மூடி அது. பக்கத்து வீட்டில் பாத்திர அடுக்கே சரிந்து விழுந்தாலும் திரும்பிப் பார்க்காத அண்டாக்காவுக்கு இந்தச் சத்தம் மட்டும் அடுப்படி வரை, ஓடுகிற குழாயையும் தாண்டி, காதில் வந்து குத்தும். கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அடுத்து நாற்காலி கிறீச்சிட்டது. அவள் கணவர் தலையைப் பின்னால் சாய்க்கிறார் என்று அர்த்தம். அதற்கடுத்து நாத்தனாரின் குரல்.

"மேல பாரு தம்பி. ஃபேனைப் பாரு. அவ்ளோதான்... மூடிக்கோ."

"போட்டாச்சா அக்கா? விழுந்ததே தெரியலையே!"

"தெரிஞ்சா அது கை இல்லடா, உலக்கை."

அக்காவும் தம்பியும் சிரித்தார்கள்.

அண்டாக்கா குழாயை முழுசாகத் திருகிவிட்டாள், அந்தச் சிரிப்பு கேட்கக் கூடாது என்று. மறு நிமிடமே அதை இறுக மூடினாள், மேற்கொண்டு என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டுமே! ஆனால் பேச்சு எதுவும் இல்லை. அந்த மௌனம்தான் அவள் வயிற்றில் நெருப்பை அள்ளிக் கொட்டியது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள்.

அவர் கண்களை மூடிச் சாய்ந்திருந்தார். பின்னால் நாத்தனார் நின்றிருந்தாள். அவளுடைய சுட்டுவிரல் தம்பியின் மூக்கும் கண்ணும் சேரும் மூலையில் அழுத்தமாகப் பதிந்திருந்தது. இரண்டு பேரும் அசையவில்லை. சட்டம் போட்டு மாட்டிய படம் மாதிரி அப்படியே இருந்தார்கள், எத்தனையோ நேரம்.

உலக்கை யார் என்று அண்டாக்காவுக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

*

அண்டாக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் கேன்டீனில் அவள்தான் தலைமைச் சமையல். கொதிக்கிற அண்டாவின் இரண்டு காதுகளையும் பழந்துணியால் பிடித்து ஒற்றை ஆளாக இறக்கி வைப்பாள். அதைப் பார்த்த தையல்காரப் பெண்கள் வைத்த பெயர் அது. கூப்பிட்டுக் கூப்பிட்டு, சம்பளம் கொடுக்கிற அலுவலரே "அண்டாக்கா, கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

ஏழு பிள்ளைகள் பிறந்த வீட்டில் ஆறாவதாகப் பிறந்தவள். ஆறாவது பிள்ளைக்கு எதுவும் முழுசாக வந்து சேராது. பாவாடை மூன்று அக்காமார் உடுத்திச் சாயம் போய் வரும். செருப்பு அண்ணன் பாதத்தின் பள்ளத்தோடு வரும். அம்மாவின் மடிகூட, கைக்குழந்தை தூங்கிய பிறகு, ஓரமாக, கொஞ்ச நேரம்தான். பசித்த வயிறு சில நாளில் அடங்கிவிடும், அடுத்தவர் தட்டையே பார்த்துப் பழகிய கண் ஆயுசுக்கும் அடங்காது. அந்தக் கண்ணோடுதான் அவள் வளர்ந்தாள்.

அதனாலோ என்னவோ, கரண்டி அவள் கைக்கு வந்த நாள் முதல் யாருக்கும் அளந்து போட்டதில்லை. "போதும்" என்று யாராவது கை காட்டினால் நம்ப மாட்டாள். போதும் என்பது வெட்கத்தில் சொல்கிற பொய் என்பது அவள் தீர்மானம். இன்னொரு கரண்டி போட்ட பிறகுதான் அடுத்த தட்டுக்கு நகர்வாள்.

அப்படி ஒருநாள் வரிசையில் வந்து நின்றவர்தான் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து ஒரே வெட்டில் நூறு சட்டைக்கு வெட்டுகிற வேலை. ஒல்லியான மனிதர். "போதுங்க" என்றார். அவள் ஊற்றினாள். "போதுங்க, போதுங்க" என்றார். இன்னும் ஊற்றினாள். தட்டு வழிந்து சட்டையெல்லாம் நனைந்தது. வரிசையே சிரித்தது. மாஸ்டர் சட்டையைக் குனிந்து பார்த்தார், அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தச் சட்டையை இனி நீங்கதான் துவைக்கணும்."

அன்றைக்கு ஆரம்பித்த துவைப்பு. மகளைப் பெற்று, வளர்த்து, வெளியூரில் கட்டிக்கொடுத்த பிறகும் ஓயவில்லை. அண்டாக்காவின் வாழ்க்கையில் யாரோடும் பங்கு போடாமல் முழுசாகக் கிடைத்த ஒரே பொருள் அந்த ஒல்லி மனிதர்தான்.

முழுசாக என்றா சொன்னேன்? அங்கேதான் முள்.

அவருக்கு ஓர் அக்கா. தாய் இறந்தபோது மாஸ்டருக்குப் பால்பல்கூட விழவில்லை. அக்காதான் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்குக் கண் விழித்து ஆளாக்கினாள். தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றாள். கல்யாணத்தன்று மணப்பெண்ணைத் தனியாக அழைத்து அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "தம்பிக்குக் கொஞ்சமாப் போட்டாலே போதும்மா. அவன் சின்ன வயித்துக்காரன்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனாலும் அன்று பந்தியில் அண்டாக்கா புருஷனுக்கு இரண்டு பங்கு வைத்தாள்.

*

மாஸ்டரின் இடது கண் மெல்ல மெல்லப் போனது. வலி இல்லை, சிவப்பு இல்லை. ஒருநாள் வலது கண்ணில் தூசி விழுந்து அதை மூடியபோதுதான், இடது கண்ணில் உலகம் சாவித் துவாரம் அளவுக்குச் சுருங்கியிருப்பது தெரிந்தது.

கண் மருத்துவமனை டாக்டரம்மா ஒளிக்கவில்லை. "கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. போன பார்வை போனதுதான். வலது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. அதைக் காப்பாத்திக்கலாம். சொட்டு மருந்து, காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. தவறவே கூடாது."

முதலில் கொடுத்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. கண் தக்காளிப் பழமாக வீங்கியது. இரண்டாவதாக ஒரு மருந்து கொடுத்தார்கள். அது ஒத்துக்கொண்டது. போட்டது அண்டாக்காதான்.

எப்படிப் போட்டாள் என்கிறீர்கள்? அண்டா இறக்குகிற கையால் போட்டாள். சீசாவை அமுக்கினால் சொட்டாக வராது, தாரையாக வரும். கன்னத்தில் ஓடும், காதுக்குள் இறங்கும், சட்டைக் காலர் நனையும். "கண்ணு நல்லா நனையட்டுங்க" என்பாள். ஒரு மாதத்துச் சீசா பாதி மாதத்தில் காலி. பாதி நாள் அவர் இமையை மூடிக்கொண்ட பிறகுதான் மருந்து வந்து விழும். அடுத்த சோதனையில் டாக்டரம்மா முகம் சுருங்கியது. அழுத்தம் இறங்கவே இல்லை.

அன்று மாலை மாஸ்டர் மாடிப்படியில் நின்று யாருடனோ போனில் பேசினார். மறுவாரம் ஒரு சின்னப் பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள் நாத்தனார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்று அண்டாக்கா இரவு கேட்டாள்.

"கேட்டா நீ வேண்டாம்னுதானே சொல்லுவே."

அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பதில் இல்லாத இடத்தில்தானே பொறாமை குடியேறும்.

நாத்தனாரின் கையில் சீசா சொன்னபடி கேட்டது. தலைகீழாகப் பிடித்தால் முனையில் ஒரே ஒரு சொட்டு உப்பி நிற்கும், அவள் நினைத்த கணத்தில் விழும். அடுத்த சோதனையில் அழுத்தம் இறங்கியிருந்தது. மாஸ்டர் வீட்டுக்குள் நுழையும்போதே, "அக்கா கையே கை!" என்று கூவிக்கொண்டு வந்தார். அடுப்படியில் எள்ளும் கொள்ளும் வெடித்தது, அண்டாக்காவின் முகத்தில்தான்.

"அதென்ன அண்ணி பெரிய வித்தை? ஒரு சொட்டுத்தானே?" என்றாள் சாப்பாட்டு நேரத்தில்.

"ஒரு சொட்டா? அதுவே ஜாஸ்திம்மா" என்றாள் நாத்தனார். "நாங்க கூடத்துல மைக்ரோலிட்டர்ல அளப்போம். ஒரு மில்லிலிட்டரை ஆயிரம் பங்கு போட்டா அதுல ஒரு பங்கு. கண்ணால பார்த்தா குண்டூசித் தலை மாதிரி இருக்கும். அதை உறிஞ்சி எடுக்கிறதுக்குன்னே பேனா மாதிரி ஒரு கருவி. பிறந்த குழந்தையோட குதிகால்ல ஒரு துளி ரத்தம் எடுப்பாங்க. அந்த ஒரு துளியை வெச்சு நாலு சோதனை பண்ணணும். ஆயுசு பூரா எனக்கு அதான் வேலை."

"சொட்டுல எத்தனை அந்த மைக்ரோ?" மாஸ்டர் கேட்டார். சின்னப் பையன் கதை கேட்கிற முகம்.

"நாப்பது, அம்பது இருக்கும். ஆனா கண்ணு தாங்குறது முப்பதுதான். அதுலயும் கண்ணீர் ஒரு ஏழு எப்பவும் இருக்கும். ஒரு சொட்டு விட்டாலே கண்ணு நிறைஞ்சு மிச்சம் வெளியே போகும்."

"என் கரண்டியில எத்தனை இருக்கும் அண்ணி?" என்றாள் அண்டாக்கா.

நாத்தனார் கரண்டியைப் பார்த்தாள். "ரெண்டு லட்சம் இருக்கும்."

"பாத்தீங்களா!" என்று புருஷன் தட்டில் இன்னொரு இரண்டு லட்சத்தைக் கவிழ்த்தாள். "கிள்ளிக் கொடுக்கிற கையும் இருக்கு, அள்ளிக் கொடுக்கிற கையும் இருக்கு."

"அளவுக்கு மிஞ்சினா..."

"தெரியும் அண்ணி. பள்ளிக்கூடத்துல நானும் படிச்சேன்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு லட்சத்தையும் சாப்பிட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

*

உண்மையைச் சொல்வதென்றால், அண்டாக்காவைத் தின்றது அந்தச் சொட்டு இல்லை. அதற்குப் பிறகு வருகிற அந்த மௌனம். விரல் வைத்து, மூச்சுச் சத்தம் மட்டும் கேட்க, அக்காவும் தம்பியுமாக ஒரே உடம்பு மாதிரி இருக்கிற அந்தச் சில நிமிடங்கள். தன்னோடு அவர் அப்படிச் சும்மா உட்கார்ந்து எத்தனை வருடம் ஆயிற்று? அவள் பக்கத்தில் வந்தாலே 'சாப்பிட வரேன், வரேன்' என்று எழுந்துவிடுவார்.

இவளுக்குப் பிள்ளை மாதிரி, எனக்குப் புருஷன். எது பெரிசு?

கேட்க முடியாத கேள்வி. கேட்க முடியாததை மனிதர்கள் வேறு வழியில் செய்து பார்ப்பார்கள். அண்டாக்கா மருந்துச் சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனாள்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?" என்றார் கடைக்காரர்.

"உடைஞ்சிடுச்சு" என்றாள்.

மறுநாள் காலைத் தேநீர் நேரத்தில் மாஸ்டரைக் கேன்டீன் சரக்கறைக்குள் கூப்பிட்டாள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டிருந்தாள்.

"எதுக்குடி இங்க?"

"உக்காருங்க. தலையைச் சாயுங்க."

சீசாவைப் பார்த்ததும் அவர் திகைத்தார். "காலையிலதான் அக்கா போட்டாளே!"

"அது அக்கா போட்டது. இது பொண்டாட்டி போடுறது. அவங்க கிள்ளிப் போட்டு அழுத்தம் இவ்வளவு இறங்குதுன்னா, நான் அள்ளிப் போட்டா எவ்வளவு இறங்கும்? யோசிச்சுப் பாருங்க."

"தப்பில்லையா?"

"என் கையில விஷமா இருக்கு?" அவள் கண்ணில் நீர் முட்டியது. "கட்டின பொண்டாட்டி கையால ஒரு சொட்டு மருந்து வாங்கிக்கக் கூடாதுன்னா சொல்லிடுங்க. நான் பாட்டுக்கு அண்டாவைக் கட்டிக்கிட்டு அழறேன்."

மாஸ்டர் துணியைத்தான் வெட்டுவார், மனசை வெட்டத் தெரியாதவர். மூட்டையில் தலையைச் சாய்த்தார். "சரி, போடு. அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாத."

அன்றிலிருந்து தினமும் சரக்கறையில் ஒரு தரம், வெளியே யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து. கண் நிறைய விட்டு, முந்தானையால் கன்னத்தைத் துடைத்துவிட்டு அனுப்புவாள். தட்டு அலசுகிற பெண் ஒருநாள் கதவருகே நின்று, "என்ன அண்டாக்கா, பேத்தி எடுக்கிற வயசுல மாஸ்டரோட தினம் மூட்டைக்கு நடுவுல என்ன ரகசியம்?" என்று கேட்டாள். கட்டின புருஷனைக் களவாகச் சந்திக்க வேண்டிய தலையெழுத்தை நினைத்து அண்டாக்கா வெட்கப்படவில்லை. சிரித்தாள். புதுப்பெண் மாதிரி முகம் சிவந்து சிரித்தாள்.

மாலையில் முன்னறையில் அந்த 'டிக்' கேட்டாலும் இப்போது முன்போல எரியவில்லை. போடு, போடு, நீ போட்டதற்கு மேல் நான் போட்டாயிற்று என்று மனசு ஒரு குதி குதித்தது. ஆனாலும் கதவிடுக்குக்குப் போவதை அவள் விடவில்லை. அந்த விரல், அந்த மௌனம். சரக்கறையில் என்ன செய்தும் அது மட்டும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

நாளாக ஆக மாஸ்டர் சோர்ந்தார். படி ஏறினால் நின்று நின்று ஏறினார். கை சில்லென்று இருந்தது. "வயசாகுதுல்ல" என்றார். வழக்கமில்லாத வழக்கமாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அண்டாக்காவுக்கு அதுவும் சந்தோஷமாகவே இருந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்!

*

மதியச் சாப்பாட்டு வரிசை முடிகிற நேரம். வெட்டுப் பகுதியிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தார். "அண்டாக்கா! மாஸ்டர் விழுந்துட்டார்!"

வெட்டு மேசையிலிருந்து எழுந்தவர் அப்படியே துணிக் கட்டின்மேல் சாய்ந்துவிட்டாராம். நல்ல வேளையாக மிஷின் நின்றிருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் முகம் மாவு மாதிரி வெளுத்திருந்தது. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்ததோ, கூடவே கொண்டுபோனாளோ, அவளுக்கே நினைவில்லை.

கண் மருத்துவமனை இருந்த அதே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். வீட்டிலிருந்து நாத்தனாரும் வந்து சேர்ந்தாள். நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் பார்த்தார்கள். கண் டாக்டரம்மாவும் இறங்கி வந்தார்.

"நெஞ்சுத் துடிப்பு ரொம்ப மெதுவா ஓடுது. இந்தச் சொட்டு மருந்து சில பேருக்கு அப்படிப் பண்ணும். எத்தனை சொட்டு போடுறீங்க?"

"வேளைக்கு ஒண்ணுதான் டாக்டர்" என்றாள் நாத்தனார். "நான்தான் போடுறேன். மூக்கோரம் அழுத்தியும் பிடிக்கிறேன்."

டாக்டரம்மா யோசித்தார். "அவ்வளவு சரியாப் போட்டும் இப்படின்னா, இந்த மருந்து இவருக்கு ஆகாது. நிறுத்திட வேண்டியதுதான். முதல் மருந்தும் ஒத்துக்கல. இனி ஆபரேஷன்தான் வழி."

"நல்லா இருக்கிற அந்த ஒரு கண்ணுலயா?" நாத்தனார் குரல் உடைந்தது.

"அதைக் காப்பாத்தத்தான். ஆனா நூத்துக்கு நூறுன்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்."

கட்டிலில் கிடந்த மாஸ்டர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரியும். மனைவியைக் காட்டிக்கொடுக்க வாய் வரவில்லை.

நாத்தனார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். தன் வலது கையை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"என் கைதான் டாக்டர். கொஞ்ச நாளா லேசா நடுங்குது. யார்கிட்டயும் சொல்லல. ஒண்ணுன்னு நினைச்சு ரெண்டு மூணு விட்டிருப்பேன் போல... எம்புள்ளையை நானே..."

மேலே பேச முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெருமையாக நிமிர்ந்தே இருந்த அந்தத் தலை குனிந்து குலுங்கியது.

அண்டாக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது ஓர் இனிப்பு. மறைக்காமல் சொல்ல வேண்டியதுதான். அக்கா கையே கை என்றீர்களே, பாருங்கள் அந்தக் கையை! உலக்கை யார் என்று இப்போது சொல்லுங்கள்! அந்த இனிப்பு நாக்கில் கரைவதற்குள் ஒன்று நடந்தது.

மாஸ்டர் கம்பிகளையும் மீறிக் கையை நீட்டி அக்காவின் முழங்கையைப் பிடித்தார். "அழாதக்கா. உன் கை தப்பாதுக்கா." அவர் கண்ணும் கலங்கியது. நர்ஸ் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து நாத்தனாரைக் குடிக்க வைத்தாள். டாக்டரம்மா அவள் தோளில் கை வைத்து, "பிள்ளை மாதிரி பார்த்துக்கிட்டீங்க, உங்க மேல தப்பில்லம்மா" என்றார். கட்டிலைச் சுற்றி எல்லோரும் நாத்தனாரைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அண்டாக்கா கால்மாட்டில், ஓரமாக, யாருடைய பார்வையிலும் படாமல் நின்றாள். மறுபடியும் ஆறாவது பிள்ளை.

அவளுக்குள் ஏதோ அறுந்தது.

"அதையுமா நீங்களே எடுத்துக்கணும்?" என்று கத்தினாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவரை வளர்த்தது நீங்க. நல்ல கை உங்க கை. கண்ணை மூடிக்கிட்டு உட்காருறதும் உங்ககூட. போகட்டும்! இந்த மனுஷனை மயக்கம் போட வெச்சது நான். பொண்டாட்டி நான்! அந்தப் பழியாவது எனக்கு வேணும். அதையும் பிடுங்கிக்காதீங்க!"

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் டாக்டரம்மா.

"நானும் போட்டேன். தினமும், சரக்கறையில, இன்னொரு சீசா வாங்கி."

"எத்தனை சொட்டு?"

"சொட்டா? எண்ணினதில்ல டாக்டர். கண்ணு நிறையற வரைக்கும்."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அப்புறம், நம்புவீர்களோ மாட்டீர்களோ, சிரித்தே விட்டார்.

"கண்ணு நிறையறதுக்கு ஒரு சொட்டே ஜாஸ்தி. மிச்சம் எங்கே போகுதுன்னு நினைச்சீங்க? கன்னத்துல வழிஞ்சது போக, கண்ணோரத்துல ஒரு துவாரம் இருக்கு. அது வழியா மூக்குக்கு, மூக்குலேருந்து ரத்தத்துக்கு, நேரா நெஞ்சுக்கு. விரல் வெச்சு அழுத்துறதே அந்த வழியை அடைக்கத்தான். இப்ப சொன்னீங்களே, தப்பிச்சோம். மருந்து ஒத்துக்காம போகல, மிதமிஞ்சிப் போயிருக்கு. ரெண்டு நாள் நிறுத்தி, துடிப்பு சரியானதும் திரும்ப ஒரே சொட்டு. ஆபரேஷன் வேண்டாம். ஆனா இனிமே ஒரே கை. யாரு கைன்னு உங்க வீட்டுல முடிவு பண்ணிக்கங்க."

நாத்தனார் மெல்ல நிமிர்ந்தாள். "அப்ப என் கை தப்பலையா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அடுத்த நொடி முகம் மாறியது. "அடி பாவி! ஒரு சொட்டுக்காக நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, நீ பின்னாடியே வாளியைக் கவுத்திருக்கே!"

"ஆமா, கவுத்தேன்!" என்று அண்டாக்காவும் அழுதாள்.

அந்த விரல் அழுத்துவது பாசத்துக்கு இல்லை, ஒரு துவாரத்தை அடைக்க என்பது அவள் மண்டைக்குள் அப்போதுதான் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

*

மாஸ்டர் வீடு திரும்பினார். துடிப்பு சரியாகி மறுபடி மருந்து ஆரம்பிக்க வேண்டிய சாயங்காலம் வந்தது. முன்னறையில் நாத்தனாரின் பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது.

"ஒரே கைன்னா ஒரே கைதான்" என்றாள் நாத்தனார். "கத்திரிக்கு ரெண்டு அலகு வேணும், கண்ணுக்கு ரெண்டு கை ஆகாது. என் கை நடுங்குறதும் நிஜம்தான். இன்னிக்குத் தப்பல, நாளைக்குத் தப்பும். ஆனா இவளை நம்பி எப்படிப் போறது? வண்டி வர்றதுக்குள்ள போட்டுக் காட்டட்டும். சரியில்லன்னா பெட்டியைப் பிரிச்சிடுவேன்."

மாஸ்டர் அக்காவையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. நல்ல பிள்ளையாகத் தலையைச் சாய்த்து ஃபேனைப் பார்த்தார்.

அண்டாக்கா சீசாவைக் கையில் எடுத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. பாசத்தோடு பார்க்கிற கண் பாதியை விட்டுவிடும், பொறாமையோடு பார்க்கிற கண் ஒன்றையும் விடாது. கதவிடுக்கில் நின்று மனம் வெந்து அவள் பார்த்த ஒவ்வோர் அசைவும் அச்சுக் குலையாமல் உள்ளே இருந்தது.

இடது சுட்டுவிரலால் கீழ் இமையை மெதுவாக இழுத்தாள். சின்னப் பை போல அது திறந்தது. வலது கையின் மணிக்கட்டை அவர் நெற்றியில் ஊன்றினாள். சீசாவைத் தலைகீழாகப் பிடித்தாள். அமுக்கு, அமுக்கு என்று விரல் துடித்தது. அவள் அமுக்கவில்லை. முனையில் ஒரு சொட்டு உப்பி, கண்ணாடி மணி போல நடுங்கி நின்றது. அவள் இத்தனை வயதில் யாருக்கும் எதையும் இவ்வளவு சின்னதாகக் கொடுத்ததில்லை. நெஞ்சு வலித்தது. இவ்வளவுதானா, இவ்வளவுதானா அவருக்கு என்று ஏங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சொட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று.

"மூடிக்கோங்க."

மூக்கோரத்தில் விரலை வைத்து அழுத்தினாள்.

"போட்டாச்சா?" என்றார் மாஸ்டர்.

நாத்தனார் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கன்னம் உலர்ந்திருந்தது. காலர் உலர்ந்திருந்தது.

"யாரு சொல்லிக்கொடுத்தா உனக்கு?"

"நீங்கதான் அண்ணி. கதவிடுக்கு வழியா."

நாத்தனார் தம்பியின் கண்மூலையில் பதிந்திருந்த அந்தத் தடித்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இத்தனை நாளும் அவள் விரல் இருந்த இடம். அந்தப் பார்வை அண்டாக்காவுக்கு நன்றாகத் தெரியும். வருடக்கணக்காகக் கண்ணாடியில் பார்த்த பார்வை.

"கை கொஞ்சம் கனம்தான்" என்றாள் நாத்தனார். "பரவாயில்ல."

வெளியே வண்டி ஹாரன் அடித்தது. மாஸ்டர் எழப் பார்த்தார்.

"அசையாதீங்க!" என்றாள் அண்டாக்கா.

"எழுந்திரிக்காதடா. கண்ணையும் திறக்காத" என்றாள் நாத்தனார். பெட்டியை எடுத்தாள். தம்பியின் தலையைத் தொடப் போனவள், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள். "வரேன் தம்பி."

"அக்கா..."

மூடிய இமைக்குள் ஏதோ ஊறியது. அண்டாக்காவின் விரல் நுனி ஈரமானது. ஒரு சொட்டுகூட இராது, அதில் கால்வாசி. அது யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். பழைய நெருப்பு ஒருமுறை பற்றி எழுந்தது. விருந்தாளியை வாசல்வரை போய் வழியனுப்ப வேண்டும், அதுதான் மரியாதை. ஆனால் விரலை எடுக்க முடியாது. எடுக்க மனமும் இல்லை.

"அழாதீங்க" என்றாள் அவர் காதோரம் குனிந்து. "மருந்து போயிடும்."

அவர் அடக்கிக்கொண்டார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

வாசலில் செருப்பு மாட்டுகிற ஓசை. அங்கிருந்தே நாத்தனார் குரல் கொடுத்தாள். "இன்னும் கொஞ்ச நேரம் பிடிச்சுக்கோ. விட்டுடாத."

"விட மாட்டேன் அண்ணி."

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.